ஒன்பது மணி ரீடிங்

முதல் நாள் கையெழுத்துப் போட்டு வாங்கியது
ஒரு ஜோடி ரப்பர் கையுறை.
என் கைக்கு இரண்டு விரல் அதிகம்.
"சின்னது வராதும்மா" என்றார் ஸ்டோர்கீப்பர்.
இங்கே எதுவும் என் அளவுக்கு வாங்கப்படவில்லை,
கழிப்பறைச் சாவி உட்பட.

கன்னங்குறிச்சி தாண்டித் துணைமின்நிலையம்.
டிப்ளமோ அப்ரெண்டிஸ், ஒரு வருடம்.
ஊக்கத்தொகை எட்டாயிரம்:
பஸ்ஸுக்கு, மெஸ்ஸுக்கு, தம்பி டியூஷனுக்கு,
மாதக் கடைசியில் மிஞ்சினால்
நஸ்ரினோடு ஒரு தட்டுவடை செட்.

மணிக்கொரு தடவை எழுத வேண்டும்.
வோல்ட். ஆம்பியர். எண்ணெயின் சூடு. சுருளின் சூடு.
சிலிக்கா ஜெல் நீலமா, ரோஸா.
ரோஸ் என்றால் ஈரம் குடித்துவிட்டது.
யார்டுக்குப் பின்னால் இரும்பு வாணலியில்
கடலை மாதிரி வறுத்தோம், நானும் நஸ்ரினும்,
மணிமணியாக அது நீலத்துக்குத் திரும்பும்வரை.
ஐந்தாம் செமஸ்டரில் இதற்கு இரண்டு மார்க்.
வாணலி பற்றி அதில் இல்லை.

புத்தகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு சுருள், நடுவில் கோடு.
இங்கே அது நாள் முழுக்க
ஒரே எழுத்தை முனகுகிறது.
வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும்
தலையணைக்குள் அந்த ம்.

மே மாதம். மேலே கோடை விழா.
ஏழரை மணிக்கு ஏற்காடு ஃபீடர் விழுந்தது.
அதுவரை ஜன்னலில் இருந்த மலையைக் காணோம்.
வளைவுகளில் ஏறும் வண்டிகளின் வெளிச்சம் மட்டும்
எதன்மேல் ஏறுகிறோம் என்று தெரியாமல்
வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு போன். போன். போன்.
ஒருத்தருக்கு லிஃப்ட் பாதியில் நிற்கிறது.
ஒருத்தர் என் அம்மாவைத் திட்டினார்.
ஒரு பெண் மட்டும் கேட்டாள்,
"அங்கயும் கரண்ட் இல்லையாங்க?"
இருக்கிறது என்று சொல்ல
எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினான்காவது வளைவுக்கு மேலே
கம்பிமேல் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை
அறுத்து முடித்து வேடியப்பன் கூப்பிட்டார்:
"ஆளெல்லாம் இறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. போடலாம்."
இளையபெருமாள் சார் இரண்டு தடவை
அதையே திருப்பிச் சொல்லவைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
கைப்பிடியைத் திருப்பினேன்.
முறத்திலிருந்து கொட்டிய பொரி மாதிரி
மொத்த மலையும் வந்து விழுந்தது.
அன்றைக்கு பஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை.
டிக்கெட் வாங்கும்போது கை மட்டும் நடுங்கியது.

இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதினேன்.
எழுதாதது இது:

கார்த்திகை மழை. குடை நஸ்ரினிடம்.
கடைசி டவுன் பஸ் ஒன்பது பத்து.
எட்டே முக்காலுக்கே, வெளியே போகாமல்,
ஒன்பது மணிக் கட்டத்தில்
எட்டு மணியின் ஐம்பத்து நாலைப்
பார்த்து எழுதினேன்.
என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகு.

மறுநாள் வந்து பார்த்தால்
என் வரிக்குக் கீழே வேறொருவர் கை:
அறுபத்தொன்று.
ஒரு மின்விசிறி நின்றிருந்ததாம். மாற்றிவிட்டார்களாம்.
அவ்வளவுதான். எதுவும் வெடிக்கவில்லை.
யாரும் கேட்கவில்லை.
ஜமுனா மேடம் பச்சை மையில்
பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டார்.
கட்டித் தூக்கி அலமாரியில் வைத்தவள் நான்தான்.

சான்றிதழில் "திருப்திகரம்" என்று இருக்கிறது.

கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஸ்டோர்கீப்பர் வாயைச் சுருட்டிப் பிடித்து
ஒவ்வொரு விரலாக அழுத்தி
காது பக்கம் வைத்துக் கேட்டார்.
"ஓட்டை இல்ல. சரி."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.
யார்டுக்குள் போய் டயலைப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்பது.
எழுத என்னிடம்
புத்தகம் இல்லை.