கிழக்கு முனை

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
கொழிஞ்சாம்பாறை போகிற ஐந்தரை பஸ்ஸில்
வலது தோளை ஜன்னல் கம்பியோடு ஒட்டிவைத்துக்கொள்வேன்.
விடியலில் இரும்பு சில்லென்றிருக்கும்.
அதுதான் என் ஐஸ் பை.

ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று கட்டவிழ்ந்துவிடும்.
மைதானத்தின் மேற்கு முனை லீனாவுக்கு.
காற்று அவள் முதுகைத் தள்ளும்,
பந்து எகிறும், கைதட்டுவார்கள்.
கிழக்கு முனை எனக்கு.
"நீ தாங்குவே" என்பாள் கேப்டன்,
பாராட்டு மாதிரி.

தாங்குகிறேன்.
வாய்க்குள் மண், கண்ணில் நீர்,
சட்டை முழுக்க எதிர்ப்பக்கம் உப்பி.

பிசியோ ஷெறின் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்.
வெள்ளி: அறுபத்தாறு பந்து. சனி: எண்பத்துநாலு.
ஞாயிறு மழை, பூஜ்யம் என்று எழுதினாள்.
அன்று ராத்திரி தூக்கத்தில் வீசியது அதில் சேரவில்லை.
இடது கால் கட்டில் சட்டத்தில் இறங்கி இறங்கி
பக்கத்துக் கட்டில்காரி எழுந்து லைட் போட்டாள்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, க்ஷீணம் எத்தனை?"
ஆறு என்பேன், எப்போதும்.
ஏழு என்றால் ஒரு மேட்ச் போகும்.
ஐந்து என்றால் நம்பமாட்டாள்.

ஓடிவரும்போது இல்லை, ஷெறின்.
ஓடும்போது உடம்பு தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறது.
வீசி முடித்துத் திரும்பி நடக்கிற
பத்தொன்பது தப்படி இருக்கிறதே,
அங்கேதான்.
ஐந்தாவது தப்படியில் போன பந்து.
எட்டாவதில் வரப்போகிற பந்து.
பன்னிரண்டில் இன்னும் அனுப்பாத
பி.டி. டீச்சர் வேலை விண்ணப்பம்.
அதற்கப்புறம் எதுவுமே இல்லை,
சுண்ணாம்புக் குறி வரைக்கும்.
திரும்பி நின்றால், இது மூன்றாவது பந்தா, நாலாவதா?
மிட் ஆனில் நிற்பவளிடம் கேட்கக் கூச்சம்.
அம்பயர் பாக்கெட்டுக்குள் கூழாங்கல் மாற்றுகிறார்.
அந்தக் கல்மேல் எனக்குப் பொறாமை.

வேலிக்கு அப்பால் தென்னந்தோப்பு.
கள்ளிறக்கும் ஆறுச்சாமி
இடுப்பில் குடுவையோடு நின்று ஆட்டம் பார்ப்பார்.
அவருக்குப் பதிமூன்று மரம், மூணு நேரம்.
எந்த நோட்டிலும் இல்லை.
ஒருநாள் கம்பிக்கு இந்தப்பக்கம் கை நீட்டினார்:
"கண்ணு, முட்டிக்கு ஒட்டறீங்களே,
அந்த நாடா மிச்சம் இருக்குதா?"
ஒன்றரை அடி கிழித்துக் கொடுத்தேன்.
சாயங்காலம் ஓர் உச்சி மட்டையிடையே
நீலமாய் எதுவோ தெரிந்தது.

ஆவணி முதல் வாரம், சித்தூர்க்காரிகளோடு ஃபைனல்.
காற்று நின்றுவிட்டது. ஓர் ஓலை அசையவில்லை.
"இன்னைக்கு உனக்கு லேசு" என்றாள் கேப்டன்.
முதல் பந்து நோ பால்,
கோட்டைத் தாண்டி முழுப் பாதம்.
இரண்டாவதும்.
குறியை ஓரடி பின்னால் வைத்தேன், மூன்றாவதும்.
இரண்டு மாதமாய் அதன்மேல் சாய்ந்தே ஓடியிருக்கிறேன்.
இல்லாத காற்றுக்குள்
குப்புற விழப் பார்க்கிறது உடம்பு.

ஒன்பது பந்தில் முடிந்தது அந்த ஓவர்.
எல்லைக்கோட்டில் ஷெறின், நோட்டோடு.
நோ பாலும் கணக்கில் சேருமா என்று கேட்டேன்.
"பந்து பந்துதானே. சொல்லு, பத்துக்குள்ள?"
ஏழு, என்றேன்.
பேனா மூடியைத் திறந்தவள்
திறந்தபடியே என்னைப் பார்த்தாள்.
எழுதிக்கோ ஷெறின்,
மை இருக்குதில்ல?