தேதி இருக்கிற பக்கம்

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து
பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு போன பிறகு
அலமாரியின் இரண்டாம் தட்டைக் காலி செய்தேன்.
ஜவுளிக்கடைப் பை ஒன்று நிறைந்தது.
இன்னொன்றில் பாதி.

பாறசாலையில் குடைக்கடைக்கு மேலே
வலி தணிக்கிற கிளினிக்.
மிச்ச மருந்தை எடுத்துக்கொண்டு
வாங்க வழியில்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.
ஆஸ்பத்திரி லிப்டில் யாரோ யாரிடமோ சொன்னது.

களியக்காவிளை செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
ரேஷன் அரிசி தேடுகிற கை
என் பைக்குள் முழங்கை வரை போனது.
கரகரவென்றது உள்ளே.
அரிசியின் சத்தம் இல்லை அது.
போலீஸ்காரர் கையை உருவிக்கொண்டார்
அடுப்பில் பட்டதுபோல.
"யாருக்கும்மா?"
"யாருக்கோ," என்றேன்.
பொய்யில்லை.

சட்டையில் நிஷாந்த் என்று எழுதியிருந்த பையன்
மேசையில் கொட்டிப் பிரித்தான்.
மலையாளம் பாதி, எனக்காகத் தமிழ் பாதி.
திறந்த சிரப் புட்டி வேண்டாம்.
தெர்மாஸில் ஐஸ் நிரப்பிக் கொண்டுபோன இன்சுலினுக்கு
ஒரே கேள்வி: "வீட்டில் கரண்ட் போகுமா, சேச்சி?"
எங்கள் பக்கம் கரண்ட் போகாத நாள் உண்டா.
அதையும் ஒதுக்கினான்.
வலி மாத்திரையைத் தனிக் கவரில் இட்டு
டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தான்.

பிறகு, வெட்டிய அட்டைகள்.
காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்றரை.
விடியுமுன் கத்தரியோடு உட்கார்ந்து
தகர டப்பாவில் அடுக்கிவைப்பேன் அவருக்கு.
வெட்டி வெட்டி
முதலில் போனது தேதி அச்சடித்த நுனி.
ஒன்றில் நாலு மாத்திரை, ஒன்றில் ஆறு,
எதுவரை நல்லதென்று எதிலும் இல்லை.
"அடுத்த தடவை
தேதி இருக்கிற பக்கத்தைக் கடைசியில் வெட்டுங்க"
என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நாற்பது நாளில் முதல் சிரிப்பு,
பக்கத்து மாநிலத்தில்,
குடைக்கடைக்கு மேலே.

"இது கண்டோ சேச்சி, பிரிக்கவே இல்ல!"
லாட்டரி விழுந்தவன்போலத் தூக்கிக் காட்டினான்.
வாந்தியை நிறுத்துகிற மாத்திரை.
முழு அட்டை மூன்று.

அதை மட்டும் நான் பார்த்துக்கிறேன் என்று
தன் கையில் வைத்திருந்தார்.
வாய் கொப்பளித்துவிட்டு வருவார்.
போட்டாச்சா?
போட்டாச்சு.
அந்தக் கம்பெனியைத் திட்டாத நாளில்லை நான்.
நேற்றுத்தான் ஸ்கூட்டர் டிக்கியில் எடுத்தேன்,
பஞ்சர் பசைக்கு அடியில்,
பில்லோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு.
பிரிக்காத அட்டையை, பில் இருந்தால்,
மெடிக்கல் ஸ்டோரில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

நிஷாந்திடம் இதைச் சொல்லவில்லை.
வாசல் பெஞ்சில் ஒரு பெண்
மடியில் எவர்சில்வர் கிண்ணத்தோடு இருந்தாள்.
கிண்ணம் காலியாக இருந்தது.
அவளை அதற்குமேல் பார்க்கவில்லை.

நோட்டில், தந்தவர் என்ற கட்டத்தில்
ஞானசிகாமணி என்று எழுதினேன்.
"உங்க பேரா?"
"இல்லை. தந்தவர் பேர்."

திரும்பும்போது பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை.
வெட்டிய அட்டைகள் என்னோடு திரும்பி வந்தன,
திறந்த சிரப்பும்.
பை மடியில் கரகரத்துக்கொண்டே இருந்தது.

ராத்திரி, என் பிரஷர் மாத்திரை.
புது அட்டை.
கத்தரியை எடுத்து,
டியூப்லைட்டுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்து,
எண்கள் இல்லாத முனையிலிருந்து
வெட்டினேன் ஒன்று.