ஊசி அசையாத பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில்
எனாமல் தூக்குச்சட்டிக்கும்
முள் இல்லாத கிராமபோனுக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
எண்ணூறு ரூபாய்.
"ரஷ்யாக்காரன் செஞ்சது, ஈ.பி. மேடம்,
இதை வச்சு ஆணியே அடிக்கலாம்" என்றார் சிக்கந்தர்.
தூக்கிப் பார்த்தேன். அடிக்கலாம்தான்.

வெளிச்சம் அளக்கும் ஊசி செத்திருந்தது.
சூரியனுக்கு நேரே நீட்டினாலும்
சுழியத்திலேயே படுத்துக் கிடந்தது.
அதைச் சொல்லி நூறு குறைத்தேன்.
நாள் முழுக்க ஊரார் மீட்டரைக்
குனிந்து பார்ப்பவளுக்கு
மீட்டர் ஓடாத ஒன்று
வேண்டியிருந்தது போல.

லென்ஸுக்குள் பூஞ்சை,
மழைநாள் ரொட்டியில் போல ஓரமாய்.
மூடி இல்லை.
பூண்டு ஊறுகாய் பாட்டிலின் மூடி
உள்ளே ஒரு சுற்று டேப் ஒட்டியதும் பொருந்திற்று.
முதல் வாரப் படமெல்லாம்
பூண்டு வாசனையில் எடுத்தவை.
தோள்வார், பிய்ந்த கைப்பையினுடையது.
பின்கதவு இடுக்கில் வெளிச்சம் கசியாமலிருக்கக்
கறுப்புக் கம்பளி நூல்.
ஃபிளாஷ் ஒன்றையும் இனாமாய்த் தந்தார்,
எரியாது, மாட்டினால் எடுப்பாய் இருக்கும் என்று.
ஃபிலிம்தான் கேமராவைவிட விலை.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

அளவுகோல் இப்படி வைத்திருக்கிறேன்:
நிழலின் ஓரம் கையை வெட்டும்போல் இருந்தால்
பதினாறு.
ஆடு கண்ணைச் சுருக்காமல் அசைபோட்டால்
எட்டு.
வெள்ளை அட்டையில் நான் எழுதும் எண்
எனக்கே மங்கலானால்
இரண்டில் வைத்து, மூச்சை நிறுத்தி, சுவரில் சாய்ந்து.
முப்பத்தாறில் இருபது தேறும்.
பள்ளிக்கூடக் கணக்கில் நான் வாங்கியதைவிட
அது கூட.

பள்ளத்தூரில் அறுபத்து நான்கு ஜன்னல் உள்ள வீடு.
இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட்.
எழுதி நிமிர்ந்தால்
இரண்டாங்கட்டில் வெயில்
தண்ணீர்க் குழாய் உடைந்ததுபோல் கொட்டுகிறது.
பெட்டியை எடுத்தேன்.
காவல்காரர் செல்லக்கண்ணு பதறி வந்தார்.
"ஃபைனா மேடம்?"
"இல்ல, வெயில எடுக்கிறேன்."
"அதுக்கும் பில்லா?"

கேமராவோடு வரும் ஈ.பி.க்காரிக்கு
யாரும் சிரித்துக்கொண்டு நிற்பதில்லை.
ஆத்தங்குடியில் பூவலிங்கம் வீடு.
ஏசி ஓடும், மோட்டார் ஓடும்,
மீட்டரில் எப்போதும் தொண்ணூற்றெட்டு.
நூறு வரை இலவசம்.
அன்று முற்றத்தில்
காயவைத்த தரைக்கற்களின் அடுக்கில்
ஒரு சிவப்புக் கோழி
சொந்த வீடுபோல் நின்றிருந்தது.
வளையத்தைத் திருகிக் கோழியைத் தெளிவாக்கி
இன்னொரு வளையத்தைத் திருகி ஒளியைக் குறைத்து
இன்னும் ஒருமுறை திருகி...
அவசரக்காரருக்கான கருவி அல்ல இது.
நான் அழுத்திய நொடியில்
பின்னால் எதுவோ ஓடியது.
பூட்டு விழுவதுபோல் சத்தம்.

கோயம்புத்தூருக்குக் கூரியரில் போய்
கழுவி வர ஆறு வாரம்.
என்ன எடுத்தேன் என்பதே மறந்திருந்தது.
கோழி, இறகு இறகாய்.
அதன் பின்னே புளிய இலைகள்
கிறங்கிச் சுழல்கின்றன, லென்ஸின் பழக்கம் அது.
அந்தச் சுழலில் பூவலிங்கம்
லுங்கியோடு ஒரு காலை மண்ணில் ஊன்றி
ஒரு காலை ஆகாசத்தில் வைத்து
கையில் நீள மூங்கிலோடு
கம்பூன்றித் தாண்டுகிறான்.
மூங்கில் நுனியைத் தேடினேன்,
கம்பியில் மாட்டிய கொக்கி எங்கே என்று.
அந்த மூலையில் வெயில் பட்டுப்
பூஞ்சை பூத்திருந்தது.
பால் மூட்டம்.
அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"சுத்தம் பண்ணித் தரவா? இருநூறு ஆகும்"
என்றார் சிக்கந்தர்.
"இருக்கட்டும்."

அடுத்த முறை போனபோது
பூவலிங்கத்திடம் ஒரு பிரதி கொடுத்தேன்.
ஈரக்கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கினான்.
வெகுநேரம் பார்த்தான்.
"கோழி நல்லா விழுந்திருக்கு மேடம்."
"ஆமா."
மீட்டரைக் குனிந்து பார்த்தேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
அட்டையில் எழுதி
ஊறுகாய் மூடியைத் திறந்தேன்.