கேட்கிறார்

ஏப்ரல் முதல் ஞாயிறு
ஊமச்சிகுளத்துத் தகரக்கூரைச் சபையில்
ஆளுக்கு இருபது கைப்பிரதி கொடுத்தார்கள்.
கூடவே ஒரு படிவம்:
பெயர். ஊர். எத்தனை பேருக்கு அறிவித்தீர்கள்.

போங்கள் என்ற ஒற்றைச் சொல்லை
ஒரு மணி நேரம் பிரசங்கித்தார் போதகர்.
நான் எங்கே போவது?
எனக்கு நைட் டியூட்டி.

பதினெட்டு இன்னும்
வண்டி சீட்டுக்கு அடியில் கிடக்கிறது
மழைக்கோட்டோடும் பஞ்சர் ரசீதோடும்.
ஒன்றைக் கோரிப்பாளையம் சிக்னலில்
ஆட்டோக்காரர் வாங்கிக் கண்ணாடியைத் துடைத்தார்,
நன்றியும் சொன்னார்.
இன்னொன்று எங்கே போனதென்று தெரியாது.
நல்ல இடத்தில்தான் விழுந்திருக்குமென்று
இரண்டு இரவு நம்பினேன்.

மூன்றாவது மாடி, டயாலிசிஸ் வார்டு.
ஜன்னலைத் திறந்தால் வைகைப் பாலம்.
எல்லோருக்கும் நான் சிஸ்டர்.
ஞாயிற்றுக்கிழமை சபையிலும் சிஸ்டர்.
ஒரே பெயர்தான்,
இங்கே அது ஊசி போடும்.

ஏழாம் கட்டில் சோணைமுத்து,
தார்ப்பாய் தைத்த கை,
இடது முழங்கைக்கு மேலே
விரல் வைத்தால் பூனை உறுமுவது போல்
ரத்தம் ஓடும் நடுக்கம்.
அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
பந்தல் பந்தலாய் மோர் குடித்து
மூன்றரைக் கிலோ ஏறி வந்திருந்தார்.
"திட்டாதீக சிஸ்டர்,
சாமி வந்துருக்கு, வேணாம்னா சொல்ல முடியும்?"

சொல்ல வேண்டும் என்று
எத்தனையோ இரவு தோன்றியிருக்கிறது.
உண்மையாகவே,
படிவத்துக்காக இல்லை.
அப்பா இறந்த வருஷம் என்னைத் தாங்கியது எதுவோ
அது இவருக்கும் இருக்கட்டும் என்று.
ஆனால் நாலு மணி நேரம்
எழுந்து போக முடியாத மனிதரிடம்,
ரத்தம் முழுக்க என் பொறுப்பில்
குழாயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது,
எந்த நல்ல செய்தியை
அவர் வேண்டாம் என்பார்?
நாக்கை மடித்துக்கொள்வேன்.
அது மரியாதையா பயமா
இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்று அவரே கேட்டார்.
"ஊசி ஏத்துறப்பயெல்லாம்
என்னமோ முனங்குறீகளே, மந்திரமா?"
"இல்ல. உங்க பேரு."
"எம் பேரா? யார்கிட்ட சொல்றீக?"

பம்ப் சுற்றும் சத்தம் மட்டும்.
பாலத்தில் கடைசிக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.
ரெண்டு வருஷமாக அவரைப் பற்றி
இயேசுவிடம் பேசியிருக்கிறேன்,
எடை, பிரஷர், மகன் அனுப்பாத பணம் உட்பட.
இயேசுவைப் பற்றி அவரிடம்
ஒரு வார்த்தை பேசியதில்லை.

யாரிடம் என்று சொன்னேன்.
மோசமாகச் சொன்னேன்.
பாதியில் எட்டாம் கட்டில் அலாரம் அடித்தது,
ஓடிப்போய்த் திரும்பி வந்து
விட்ட இடம் தெரியாமல் நின்றேன்.
"தினமும் சொல்றீகளே,
அவரு என்ன செய்யுறாரு?"
நோய் தீர்ந்ததா என்று கேட்கிறாரோ.
தீரவில்லை. இருவருக்கும் தெரியும்.

"கேக்குறாரு" என்றேன்.

"என்ன கேக்குறாரு?"

காதால் கேட்பதைச் சொன்னேன்.
அவர் வாயால் கேட்பது என்று எடுத்துக்கொண்டார்.
திருத்த வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.
இரண்டும்தானே என்று அப்போதுதான் பட்டது.
ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.
பிறகு அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வியாழக்கிழமை எடை ஒன்றரைதான் கூடியிருந்தது.
கையை நீட்டினார்.
முதல் ஊசிக்கு முன் லேசாகத் தொண்டையைச் செருமி,
"வீட்டுக்காரி பேரு ராக்காயி" என்றார்.
"முட்டி வலிங்குறா. அதையும் சேத்துச் சொல்லுங்க."

படிவம் இன்னும் பையில் இருக்கிறது.
எத்தனை பேர் என்ற கட்டத்தில்
எதையும் எழுதவில்லை.