சில்லறை

கிணறு என்றுதான் எங்களுக்குள் சொல்வோம்.
தோண்டாத கிணறு, தரைக்கு மேலே கட்டுவது.
நாற்பத்திரண்டு பலகை, ஏழு இரும்பு வளையம்.
பூட்ட ஒரு பகல், பிரிக்க அரை ராத்திரி.
பணகுடியில் பிரித்ததைச்
சங்கரன்கோவிலில் இறக்கினால்
ஒரு பலகையைக் காணோம்.
லாரிக்காரன் பிள்ளைமேல் சத்தியம் பண்ணினான்.
மரக்கடையில் கடன் சொல்லிப் புதுசு வாங்கினோம்.
அது மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை,
நூலளவு துருத்திக்கொண்டு நிற்கிறது.
சக்கரம் அதைத் தாண்டும்போது
டொக்.

நான் வெளியே தகரக் கூண்டுக்குள்
டிக்கெட் கிழிக்கிறவள்.
பதினோரு வருஷத்தில் இவர் ஓட்டி
இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.
இரண்டாவது தடவை ஜெனோவா வயிற்றில்.
பிறகு ஏறவில்லை.
இரைச்சல் இருக்கிறவரை இருக்கிறார்,
அதற்குமேல் எண்ணத் தெரியாது.
இப்போது இந்தப் பலகை வந்து
எண்ணக் கற்றுக் கொடுத்துவிட்டது.
ஒரு டொக், ஒரு சுற்று.
மூன்று நாளாய் எண்ணுகிறேன்,
ஆட்டத்துக்கு அறுபது.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோவிலில் ஆடிச்சுற்று.
நூற்றியெட்டு நேர்ந்தவர்கள்
தப்பாமலிருக்கச் சுற்றுக்கொரு தீக்குச்சி
மடியில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.
முடித்த காலோடு நேரே
பொருட்காட்சிதான்.
ஒரு அம்மா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்:
"உள்ள என்னத்தக் காட்டுதிய?"
"மோட்டார் சைக்கிள்ல செவுத்துல சுத்துவாவ."
"எத்தன சுத்து?"
"அறுவது."
"என்ன நேர்ச்சையாம்?"
சில்லறை தேடுகிற மாதிரி
குனிந்துகொண்டேன்.

ஜெனோவாவுக்கு எட்டு வயது,
இந்த வருஷத்தில் இது மூன்றாவது பள்ளிக்கூடம்.
கொலம்பஸ் கப்பலுக்கு அடியில் வீட்டுப்பாடம்,
ராட்டினக் கம்பியில் அவள் சீருடை காயும்.
தோசைமாவு லாரி குலுக்கலிலேயே பொங்கிவிடும்.
பணகுடியில் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு,
"ஒருத்தருமே ஏறாத ராட்டினத்த
எதுக்கும்மா சுத்த விடுதாவ?
டீசல் வீணால்லா" என்றவள்.

சனிக்கிழமை வந்து சொன்னாள்,
வகுப்பில் எல்லாரும் அப்பாவைப் பார்த்தாச்சாம்,
கையை விட்டுட்டு ஓட்டுவாராமே,
ரூவா நீட்டினா பறிப்பாராமே,
"நான் மட்டும் பாக்கல."
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
வெங்காயம் உரி என்றேன்.

அன்றைக்கு ஏழரை மணி ஆட்டம்.
ஐந்நூறு ரூபாயை நீட்டி
நான்கு பேர் என்கிறான் ஒருவன்.
ஐம்பத்தெட்டு.
இரைச்சல் தணிகிறது, விழுங்கின மாதிரி.
டொக் வரவில்லை.
கையில் நோட்டு, எவ்வளவு திருப்பினேனோ.
மேலே ஜனங்கள் ஓ என்கிறார்கள்,
எந்த ஓ என்று தெரியவில்லை.
பிறகு அடிவயிற்றிலிருந்து வண்டி முறுக்கி ஏறுகிறது.
ஐம்பத்தொன்பது.
அறுபது.
முடியவில்லை.
அறுபத்தொன்று.
கைதட்டல்.

ராத்திரி கணக்குப் பார்த்தோம்.
ஐந்நூறுக்காரனிடம் நூறு விட்டிருந்தேன்,
அது போகட்டும்.
அதற்குமேலும் பத்து ரூபாய் உதைத்தது.
காலையில் அப்பளக்கடை இசக்கி கொடுத்த
எண்ணெய்ப்பத்து,
யாரும் வாங்கமாட்டார்கள் என்று
ஓரமாக வைத்திருந்தது.

இவர் சட்டையைக் கழற்றி
வேர்வை நோட்டுகளைப் பாயில் உதறினார்.
நடுவில் அது.

கொசுவலைக்குள் ஜெனோவா
தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டாள்,
ரொம்ப ஒழுங்காக.

"மேல வலையோரமா ஒரு சின்னக் கை," என்றார்.
"யாரோன்னு பிடிக்கப் போனேன்.
மொகத்தப் பாத்ததும் கை வரல.
எறங்கிட்டேன்.
அடுத்த சுத்து வேற யாரும் நீட்டல,
அவதான் நீட்டிக்கிட்டே நின்னா.
அதுக்கடுத்ததுலயும் முடியல."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணெய்ப்பத்தைப் பெட்டியில் போட்டேன்,
நூறுதான் உதைத்தது.

விளக்கை அணைத்த பிறகு சொன்னார்:
"காலையில அந்தப் பலகையச் சீவிரணும்,
தட்டுது."

"கெடக்கட்டும்," என்றேன்.