ஆறாம் பக்கம்

தம்புச்செட்டித் தெருவில், மாடிப்படிக்கு அடியில்
ஆறடிக்கு நாலடி என் கடை.
போன வெள்ளிக்கிழமை பழைய சிஸ்டம் படுத்துவிட்டது.
லைசென்ஸுக்குக் காசில்லை என்றதும்
ரிச்சி தெரு அப்ரார்
லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.
"இனிமே வைரஸே வராதுக்கா."
வைரஸ் வரவில்லை.
டைம்ஸும் வரவில்லை.

பெயர் மட்டும் மேலே பெட்டிக்குள் இருந்தது,
டைம்ஸ் நியூ ரோமன் என்று, சாய்ந்த எழுத்தில்.
வேலைக்கு வந்திருந்தது வேறு யாரோ.
அகலமான தோள்.
வரிக்கு ஒரு சொல்லைக்
கீழே தள்ளிவிட்டுத்தான் உட்காருகிறான்.

அப்படித்தான் அந்தப் பரஸ்பர சம்மத மனு
ஐந்து பக்கம்
ஆறாகிவிட்டது.
முதல் மனுதாரர் ஜெயவேலு, ஐந்தின் கடைசி வரி.
இரண்டாம் மனுதாரர் யுவராணி
ஆறில், உச்சியில், தனியாக.
அவளுக்குக் கீழே தாள் முழுக்க வெள்ளை.

குமாஸ்தா செங்கல்வராயன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"ரெண்டு கையெழுத்தும் ஒரே பக்கத்துல வரணும்மா.
பதினொன்றரைக்கு ஃபைலிங்."

வெளியே
அவன் பைக் மேல். அவள் ஜூஸ் கடை நிழலில்.
நடுவில் ஒரு குப்பை லாரி
வந்து நின்று, பின்னால் எடுத்து, போயிற்று.

அப்ரார் போனில் சொல்லச் சொல்ல அடித்தேன்.
கறுப்புத் திரை.
பாஸ்வேர்டுக்கு ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை.
விழாமலே ஏற்றுக்கொண்டது.
பிறகு நீலத்தில் ஓர் ஒப்பந்தம்,
உருட்ட உருட்ட ஆங்கிலம்.
அடியில் 'ஓகே' என்று இருக்கிறது,
மவுஸால் எத்தனை தட்டியும் அசையவில்லை.
"டேப் தட்டுக்கா, டேப்!"
தட்டினேன். சிவந்தது. என்ட்டர்.
ஒரு வரி படிக்கவில்லை.
என் கல்யாண ரிஜிஸ்டரிலும்
எங்கே என்று கேட்டுத்தான் போட்டேன்.

போன் நெட்டில் ஒவ்வொன்றாக இறங்கியது.
ஏரியல்.
காமிக் சான்ஸ், பத்திரிகை வைக்காமலே
முதல் பந்தியில் உட்காரும் ஒன்றுவிட்ட மாமா.
கூரியர். ஜார்ஜியா. இம்பாக்ட்.
செங்கல்வராயன் வாட்சைப் பார்த்தார்.
டைம்ஸ்
தன் முறை வந்த பிறகே வந்தது.

மூடித் திறந்தேன்.
சாய்ந்திருந்த பெயர் நிமிர்ந்தது.
வரிகள் ஒடுங்கின. கீழே விழுந்த சொற்கள்
பஸ்ஸில் இடம் கிடைத்ததுபோல் ஏறிக்கொண்டன.
ஆறாம் பக்கம் என்று ஒன்று இல்லை.
இடது ஓரம் ஜெயவேலு, வலது ஓரம் யுவராணி,
நடுவில் மூன்று டேப்.

இருவரையும் கூப்பிட்டார் குமாஸ்தா.
கடைக்குள் ஒருவர்தான் நிற்கலாம்.
அவன் போட்டான். பேனாவை மூடி,
மூடிய பக்கம் அவளுக்கு நீட்டினான்.
அவள் போட்டாள்.
தோள் இடிக்காமல் எப்படி வெளியேறினார்களோ.

ஐந்து பக்கத்துக்குத்தான் காசு வாங்கினேன்.
வீணான அந்த ஆறாம் தாளைக் கிழிக்க மனமில்லை,
அவ்வளவு இடம்.
அப்ரார் சொன்ன கட்டளையை
அதிலேயே பெரிதாக எழுதி
மானிட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்,
அடுத்த முறைக்கு,
யுவராணி பெயருக்குக் கீழே.