டெமரேஜ்

வார்ஃபில் எனக்குப் பதினேழு வருடம்.
கொள்கலன் அசையாமல் நின்றாலே காசு என்று
யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.
முதலில் சில நாள் சும்மா விடுவார்கள்,
பிறகு ஒரு கட்டணம், பிறகு அதைவிடப் பெரியதொன்று,
உள்ளே வெங்காயம் முளைவிடும் நேரம்
வாடகை வெங்காயத்தை விழுங்கி முடித்திருக்கும்.

டூப்ளிகேஷன் வீதியில், ஜன்னலில்லாத அந்த மண்டபத்தில்
பிளைண்டும் அப்படித்தான்.
இருபது நிமிடத்துக்கு ஒருதரம் மணி அடிக்கும்,
நூறு இருநூறாகும், இருநூறு நானூறாகும்.
ஒரு பிழையும் விடாமல் இருந்தே தேய்ந்துபோவாய்.
ஆகவே தொடக்கத்தில் பொறு. நடுவில் திருடு:
பொத்தான் உன் முன்னால் வரும்போது,
மற்றவர்கள் புரியாணித் தட்டைப் பார்க்கும்போது,
கையில் எட்டும் மூன்றும் என்றாலும் தள்ளு.
கடைசியில்?
கடைசியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்குப் பரிசு காசில்லை.
பெரிய போட்டிக்குள் போக ஐந்து டிக்கெட்,
ஐந்தும் ஒரே டிக்கெட்.
முதலாவதாய் வருகிறவனுக்கு
மேலதிகமாய் ஒரு பிளேன்ரீயும் கிடையாது.
மேசையில் ஆறு பேர். விடிய மூன்று மணி.

என் இடப்பக்கம் பஞ்சிகாவத்தை கித்சிறி,
கார் உதிரிப்பாகக் கடைக்காரன்.
அரைப் பிளைண்டுக்கும் காணாத சிப்ஸை
அடுக்குவான், உயரம் போதாமல் பிரிப்பான்,
மறுபடி அடுக்குவான்.
அடுத்த கை அவன் கட்டவேண்டும்.
வலப்பக்கம் பினாங்கு லிம். முன்னால் ஒரு மலை.
மற்றவர்கள் மடித்தார்கள்.
லிம் மலையை அப்படியே தள்ளினான்.

மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆஸ்.
மற்ற மூலை.
இன்னுமொரு ஆஸ்.

இரவு முழுக்க வராத சோடி.
ஆறு தரம் ஆடினால் ஐந்து தரம் வெல்லும்,
ஆறாவது தரம் நான் படியிறங்கிப் போவேன்.
வென்றால் மலை எனக்கு.
மலையை வைத்து என்ன செய்ய?
நான் தும்மாமல் இருந்தால் போதும்,
கித்சிறி தானாகவே உருகிவிடுவான்.

கணக்குச் சரி. கைதான் கேட்கவில்லை.
சீட்டுப் பகிர்ந்த தினூஷா "சேர்?" என்றாள்.
மடித்தேன்.
அவள் விரல் இரண்டு ஆஸையும்
குப்பையோடு குப்பையாக இழுத்துக்கொண்டது.
லிம் சிரித்தபடி தன்னுடையதைத் திருப்பிக் காட்டினான்:
ஏழு, இரண்டு.
எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.
தண்ணீர் குடித்தேன்.

அடுத்த கை, கித்சிறி கட்டினான். ஒன்பதும் நாலும்.
கடைசிச் சீட்டில் நாலு விழுந்தது.
எழுந்து நின்று கதிரையை முத்தமிட்டான், நாசமாய்ப்போவான்.
என் கணக்கு அப்போதும் சரியாகவே இருந்தது,
வேறு பெரிதாய் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அரை மணி நேரம் நான் ஒரு கையும் ஆடவில்லை.
டெமரேஜ் ஏறியது.
பிறகு, காலி வீதியில்
நூறாம் இலக்க பஸ்ஸும் நூற்றோராம் இலக்க பஸ்ஸும்
ஒரே ஹோல்ட்டுக்கு ஓடுகிற மாதிரி
லிம்மும் ருக்‌ஷானும்.
ஒரு தேவையுமில்லை. இரண்டு பேருக்கும்
டிக்கெட் சட்டைப் பைக்குள் இருந்த மாதிரித்தான்.
நான் த்ரீவீல்காரனைப் போல் ஓரம்கட்டி நின்றேன்.
கண்ணாடி நொறுங்கவில்லை,
ருக்‌ஷான் கதிரையைப் பின்னால் தள்ளிய சத்தம் மட்டும்.
ஆறாவது.

கொட்டாஞ்சேனையில் இறங்க, பேக்கரியில் முதல் பாண் வந்திருந்தது.
பெர்னதெத் கதவைத் திறந்தாள்.
"என்ன?"
"ஐந்தாவது."
"முதலாவது ஆர்?"
"ஐந்து பேரும்."
டிக்கெட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அந்த இரண்டு ஆஸைப் பற்றி
முதன்முதலாக ஒருத்தருக்குச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே பாணை வெட்டினாள்.
"அப்ப ஒண்டும் செய்யாமல் இருந்தா வெண்டனீங்கள்?" என்றாள்,
"அதை வீட்டில இருந்து செய்திருக்கலாமே."